பொட்டு வெச்ச ஊசி

அந்தக் கையை இக்கட்டால, இந்தப் பக்கமா காட்டுங்க அம்மிணி. அட, கூச்சப்படாதீங்க, நான் பாக்காத கையா? முந்தானையில மறைச்சா தெரியாம போயிருமா? நீங்க காந்திபுரத்துல பஸ் ஏறி கம்பியப் புடிச்சப்பவே பாத்துட்டேன். முழங்கை மடிப்புல ரெண்டு குத்து, புறங்கையில ஒண்ணு. நாவப்பழத்த நசுக்குனாப்புல கறுத்துக் கெடக்குது. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல வேண்டாம், குத்துனது யாருன்னும் வேண்டாம். ஊசிய மட்டும் சொல்லுங்க. ரெண்டு பக்கமும் ரெக்கை வெச்ச ஊசியா? ஒரு ரெக்கையில செவப்பா, மேடா, பொட்டாட்டம் ஒண்ணு இருந்துச்சா?

இருந்துச்சா! நெனச்சேன்.

சிரிக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு வலிக்குதுன்னு தெரியும். ஆனா உள்ளதச் சொல்லோணுமில்லீங்க, அந்தக் கையப் பாத்ததும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குளுமை. அது உங்க மேல இல்லீங்க. அந்த ஊசிய செஞ்சவன் மேல. நான் பல்லடத்துல எறங்கிருவேன், அதுக்குள்ள சொல்லி முடிச்சர்றேன், கேளுங்க.

என்ற பேரு ரங்கநாயகி. லேப்ல ரத்தம் எடுக்கறதுதான் வேலை, இருபத்தாறு வருசமாச்சு. ரத்தம் எடுக்கறதுல என்ன இருக்குது, ஊசியக் குத்துனா வருதுன்னுதான் எல்லாரும் நெனைக்கறாங்க. அந்த ஊசி நுனிய நீங்க உத்துப் பாத்திருக்கீங்களா? நேரா வெட்டியிருக்காதுங்க. சாய்ச்சு வெட்டியிருக்கும். அந்தச் சாய்வுல இருக்கற ஓட்டையத்தான் நாங்க வாய்னு சொல்லுவோம். உள்ள போகறப்ப வாய் மேல பாக்கோணும். கீழ பாத்துச்சோ, போச்சு. நரம்போட அடியில போய் ஒட்டிக்கும், ரத்தம் வராது, நரம்பு கிழிஞ்சு உள்ளுக்குள்ளயே கசியும். உங்க கையில ஆயிருக்குதே, அதேதான்.

எங்க லேப்புக்கு கமலவேணி டீச்சர்னு ஒருத்தங்க வருவாங்க. கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. ரத்தத்துல ஏதோ சீக்கு, மாசம் ரெண்டு தடவ ரத்தம் எடுத்தே ஆகோணும். அந்தம்மாளுக்கு நரம்பே கெடையாதுங்க. இருக்கும், ஆனா நூலாட்டம் இருக்கும். கைக்கொழந்தைகளுக்குப் போடற சன்ன ஊசிதான் போடோணும். அந்த ஊசியோட வாய் எங்க பாக்குதுன்னு என்ற கண்ணுக்குத் தெரியறதில்ல, எனக்கும் வயசு அம்பத்திமூணு. கண்ணாடியப் போட்டு ஒருக்கா பாத்து கீழ வெச்சா, நரம்பத் தடவிட்டு எடுக்கறதுக்குள்ள ஊசி திரும்பிக்கும். ரெண்டு தடவ தப்பாக் குத்திட்டேன். டீச்சருக்குக் கண்ணுல தண்ணி மட்டும் முட்டுச்சு.

அன்னைக்கு ஊட்டுக்குப் போய் மூஞ்சி கழுவி, ஸ்டிக்கர் பொட்ட எடுத்துக் கண்ணாடியில ஒட்டறேன். அப்பத்தான் எனக்கு ரோசனை வந்துச்சு. ஏன், இந்தப் பொட்ட ரெக்கையில ஒட்டுனா என்ன? வாய் மேல பாக்கறப்ப என்ற கட்டை விரல் எந்த ரெக்கையில படுதோ, அந்த ரெக்கையில ஒண்ணு ஒட்டு. அப்புறம் ஊசியப் பாக்கவே வேண்டாம். கையுறை போட்டிருந்தாலும் விரலுக்குத் தட்டுப்படும். பொட்டு கட்டை விரல்ல இருக்குதா, வாய் மேல இருக்குது. கண்ணு நரம்ப மட்டும் பாத்தாப் போதும்.

அதுக்கப்புறம் நாலு வருசங்க. டீச்சருக்கு ஒரு குத்துதான். ஒரே குத்து. "குத்திட்டியா ரங்கநாயகி?"ன்னு கேப்பாங்க. "எடுத்தே முடிச்சுட்டேன் டீச்சர்"ம்பேன். லேப்ல எல்லாரும் கேலி பண்ணுவாங்க, ஊசிக்குப் பொட்டு வெச்சாச்சா, பூ வெக்கலியான்னு. பண்ணட்டும்னு இருந்தேன். ரங்கநாயகி கைன்னா வலிக்காதுன்னு ஊருக்குள்ள ஒரு பேரு இருந்துச்சு. எனக்குன்னு இருந்தது அந்தப் பேரு ஒண்ணுதான். புருசன் இல்ல, புள்ளை இல்ல. கை இருந்துச்சு.

இங்க ஒண்ணு சொல்லோணும். சொல்லக் கூச்சமா இருக்குது. நான் பீச்சாங்கைக்காரி. சோறு திங்கறது, எழுதறது, கோயில்ல துன்னூறு வாங்கறது எல்லாம் சோத்தாங்கையிலதான். எங்கப்பன் அடிச்சு அடிச்சு மாத்திப் போட்டாரு. ஆனா ஊசி மட்டும் பீச்சாங்கையிலதான் வரும். வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு பெரியவரு, "பீச்சாங்கையில என்னைத் தொட்டீன்னா பாரு"ன்னு எந்திரிச்சே போயிட்டாரு. அன்னையிலிருந்து மறைக்கப் பழகிட்டேன். உக்காரற சேரச் சாய்ச்சுப் போட்டுக்குவேன், ரெண்டு கையையும் ஒண்ணா கொண்டு போவேன், பேச்சுக் குடுத்துட்டே குத்திருவேன். ரெண்டு கையிலயும் ஒரே நிற உறை, எது எதுன்னு யாரு கண்டா? கூட வேலை செய்யற புள்ளைகளுக்கே தெரியாது. டீச்சர் ஒருத்தங்கதான் கண்டுபுடிச்சாங்க. கண்டுபுடிச்சும் கம்முனு இருந்துட்டாங்க.

அப்பத்தான் அவன் வந்தான். நிரஞ்சன். இஞ்சினீருக்குப் படிச்சுட்டு ஊசி செய்யறதுக்குன்னே கம்பெனி ஆரம்பிச்சவன். எங்க லேப் டாக்டர் கூட்டிட்டு வந்து, "இவங்ககிட்ட உக்காந்து பாருப்பா, கத்துக்கலாம்"னாரு. ஆறு வாரம் உக்காந்தானுங்க. எனக்கு எதுத்தாப்புல ஸ்டூலப் போட்டுக்கிட்டு, என்ற விரல் கிட்ட செல்போன நீட்டிப் படம் புடிப்பான். அக்கா, இன்னொரு தடவ காமிங்க. அக்கா, மெதுவா. வாயத் தொறந்தா அக்காதான். மத்தியானம் என்ற டிபன் பாக்ஸத் தொறந்து பச்சைப்பயிறு கடைஞ்சத வழிச்சு வழிச்சுத் திம்பான். "அக்கா, இந்த ஊசிக்கு உங்க பேரத்தான் வெக்கப் போறேன்"னான். நான் கேக்கலீங்க. அவனாத்தான் சொன்னான். சத்தியமா அவனாத்தான் சொன்னான்.

ரெக்கையிலயே பொட்ட மேடா வார்த்து ஒரு ஊசி செஞ்சு கொண்டாந்தான். அசல் செவப்பு. புடிச்சுப் பாத்தேன், விரலுக்கு அப்படியே பாந்தமா வந்துச்சு. எரநூறு பேருக்குக் குத்திப் பாக்கோணும்னான். அந்த எரநூறு பேருக்கும் நாந்தான் குத்துனேன். ஒருத்தருக்குக்கூட வீங்கல. அவன் குதிச்ச குதி இருக்குதே!

அப்புறம் விழா வெச்சான். அவிநாசி ரோட்டுல பெரிய ஓட்டல்ல. நான் அரக்குப் பட்டு கட்டிட்டுப் போனேன். ரெண்டாவது வரிசையில உக்கார வெச்சாங்க. கொஞ்ச நேரங்கழிச்சு யாரோ பெரிய மனுசங்க வந்தாங்கன்னு அஞ்சாவது வரிசைக்குப் போகச் சொன்னாங்க. போனேன். பேரு சொல்லறப்ப அஞ்சாவது வரிசையில இருந்து எந்திரிச்சாலும் எந்திரிச்சதுதானேன்னு உக்காந்திருந்தேன்.

ஊசிக்கு என்ன பேரு வெச்சான் தெரியுமா? திலகம். அது போகட்டும். மேடையில மைக்கப் புடிச்சு என்ன சொன்னான்னு கேளுங்க. "இந்த யோசனை எனக்கு எப்படி வந்துச்சுன்னா, ஒரு நாள் காலையில எங்கம்மா கண்ணாடி முன்னாடி நின்னு பொட்டு வைக்கிறதப் பாத்தேன்." இப்படிச் சொல்றானுங்க! சபையில கைதட்டல். அவங்கம்மாள மேடையேத்தி பொன்னாடை. நான் அந்தம்மா நெத்தியப் பாக்கறேன். பொட்டே இல்லீங்க! சந்தனக் கீத்துதான் இருந்துச்சு. பொட்டு வெக்காத பொம்பளையப் பாத்து இவனுக்குப் பொட்டு ரோசனை வந்துச்சாம்.

எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. என்ற கண்ணாடி அது. என்ற பொட்டு. என்ற ஊட்டுச் செவுத்துல மாட்டுன கண்ணாடிய எடுத்துட்டுப் போய் அவங்கம்மா முன்னாடி மாட்டிட்டானே, பாவி!

அப்புறம் ஊசியப் போட்டுக் காமிக்கறோம்னு ஒரு ரப்பர் கையக் கொண்டாந்து மேசையில வெச்சாங்க. உள்ள செவப்புத் தண்ணி விட்டிருக்கும். ஒரு சீனியர் நர்ஸ் வந்து சோத்தாங்கையில ஊசிய எடுத்தாங்க. கட்டை விரல பொட்டுல வெச்சாங்க. குத்துனாங்க. ஒரு சொட்டு வரல. மறுபடி குத்துனாங்க. வரல. சபையில சிரிப்பு.

நான் அஞ்சாவது வரிசையில உக்காந்து அவங்க விரலையே பாத்துட்டிருந்தேன். பாத்துட்டே இருந்தவளுக்கு சுளீர்னு ஒறைச்சுது. அடக் கூறு கெட்டவனே! என்ற பீச்சாங்கைக் கட்டை விரல் எந்த ரெக்கையில படுதோ, அதே ரெக்கையில பொட்டு வெச்சிருக்கான். சோத்தாங்கைக்காரங்களுக்குக் கட்டை விரல் அடுத்த ரெக்கையிலதான வரும்? அவங்க பொட்டத் தேடிக் கட்டை விரல வெச்சா ஊசி தலைகீழாத் திரும்பிக்கும். வாய் கீழ போயிரும். எதுத்தாப்புல உக்காந்து பாத்தவனுக்கு என்ற எடது கை அவனோட வலது பக்கம். அதையே சோத்தாங்கைன்னு எடுத்துக்கிட்டான். ஆறு வாரம், அம்மிணி! ஆறு வாரம் என்ற விரல் கிட்ட கண்ண வெச்சிருந்தவன், அது எந்தக் கைன்னு பாக்கல. கை ஒட்டியிருந்த ஆளப் பாத்திருந்தாத்தானே கை தெரியும்?

மேடையில இருந்து அவன் எறங்கி ஓடியாந்தானுங்க. நேரா எங்கிட்டத்தான். மூஞ்சியெல்லாம் வேர்த்து, "அக்கா, என்னக்கா ஆச்சு? ஏதாச்சும் கொறை இருக்கா?"ன்னான்.

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியங்க. நான் அந்தப் பட்டுச் சேலையில உக்காந்து அவன ஏற எறங்கப் பாத்தேன். "ஊசியில ஒரு கொறையும் இல்ல தம்பி. ரப்பர் கை பழசாப் போச்சு, அதுல எங்க வரும்?"னேன். அவன் மூச்சு விட்டான் பாருங்க. "நீங்க சொன்னா சரிக்கா"ன்னுட்டு மேல ஏறிப் போயிட்டான். போ ராசா, நல்லாப் போன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

அதுக்கப்புறம் ஏழு மாசம். அந்த ஏழு மாசம் நான் தூங்குன தூக்கம் என்ற ஆயுசுல தூங்குனதில்லீங்க. எட்டு ஆஸ்பத்திரியில அந்த ஊசிய வாங்கிட்டாங்க. எல்லாப் பக்கமிருந்தும் புகார். ரத்தம் வரல, கறுத்துப் போகுது, சனங்க சண்டைக்கு வர்றாங்க. ஊசி அத்தனை சன்னம், வாய் எங்க பாக்குதுன்னு வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பாக்கவே வேண்டாம்னுதான் பொட்டே வெச்சிருக்குது! எங்க லேப்லயும் அதே ஊசிதான். பக்கத்துச் சேர்ல சுகந்தின்னு ஒரு புள்ளை, புதுசாச் சேந்தவ. அவ குத்துனா வராது. நான் குத்துனா தண்ணியாட்டம் வரும். அவகிட்ட உக்கார ஆளில்ல. என்ற வரிசை வாசல் தாண்டி மெடிக்கல் கடை வரைக்கும் நிக்கும். அந்தப் புள்ளை பாத்ரூமுக்குள்ள போய் அழுதுட்டு வருவா. அழுவட்டும், எனக்கென்னங்க, அவளுக்கும் எனக்குமா பகை?

நிரஞ்சன் மறுபடி வந்தான். கன்னம் ஒட்டிப் போச்சு. "அக்கா, உங்களுக்கு மட்டும் எப்படிக்கா வருது?"ன்னான். உக்காரு தம்பின்னேன். அதே ஸ்டூல், அதே எதுத்த பக்கம். முப்பது பேருக்குக் குத்திக் காமிச்சேன். முப்பதும் வந்துச்சு. படம் புடிச்சான். புடிச்சு, "அப்ப ஊசியில தப்பில்ல, நர்சுகளுக்குத்தான் பழக்கம் பத்தல"ன்னான். என்னையே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அனுப்பிச் சொல்லிக் குடுக்க வெச்சான். போனேன். ஊசிப் பெட்டிக்குள்ள ஒரு தாள் இருக்குமுங்க, அதுல போட்டிருக்கறதத்தான் படிச்சேன். கட்டை விரல பொட்டுல வையுங்க. நான் ஒரு பொய் சொல்லல. அவன் அச்சடிச்சதத்தான் படிச்சேன்.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? உங்க ஆஸ்பத்திரிக்கும் வந்திருப்பேனோ என்னமோ. இருக்கட்டுங்க, கேளுங்க. நான் ஒருத்தருக்குக்கூடத் தப்பாக் குத்துனதில்ல. எங்கிட்ட உக்காந்த யாரையாச்சும் கேட்டுப் பாருங்க.

கமலவேணி டீச்சர் மூணு வாரமா வரலியேன்னு இருந்தேன். ஒரு காலையில மகனப் புடிச்சுக்கிட்டு வந்தாங்க. காய்ச்சல் அதிகமாகி பெரிய ஆஸ்பத்திரியில பன்னெண்டு நாள் படுத்திருந்தாங்களாம். கைய நீட்டுனாங்க. ரெண்டு கையும் தோள்ல இருந்து வெரல் வரைக்கும் கறுப்பு. கறுப்பு, பச்சை, மஞ்சள். குத்தறதுக்கு எடம் தேடோணும்.

"ஐயோ டீச்சர், எந்தக் கட்டையில போறவ இப்படிப் பண்ணுனா?"ன்னு பொட்டு ஊசிய எடுத்தேன். அவங்க கைய மடியில வெச்சுக்கிட்டாங்க.

"ரங்கநாயகி, நீ எந்தக் கையில குத்துவே?"

"உங்களுக்குத் தெரியாததா டீச்சர்? பீச்சாங்கைதான்."

"அந்தப் பையனுக்குத் தெரியுமா?"

நான் ஊசியக் கீழ வெச்சுட்டேன். கணக்கு டீச்சருங்க, பன்னெண்டு நாளும் படுத்த படுக்கையா நர்சுக விரலையே பாத்திருக்காங்க. எடம் வலம் போட்டுப் பாத்திருக்காங்க.

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

பொய் சொல்லியிருக்கலாம். அவங்ககிட்ட வரல. "விழா அன்னைக்கே"ன்னேன். அவன் என்ன பண்ணுனான்னு சொன்னேன். என்ற கண்ணாடிய எடுத்து அவங்கம்மா முன்னாடி மாட்டுனதச் சொன்னேன். கண்ணுல தண்ணி வெச்சுட்டுச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டாங்க. "அவன் பண்ணுனது தப்புத்தான்"னாங்க. சொல்லிட்டு மெதுவா எந்திரிச்சாங்க. மகன் கையப் புடிக்க வந்தப்ப வேண்டாம்னுட்டாங்க. ரெண்டு எட்டு நடந்து சுகந்தி முன்னாடி போய் உக்காந்துட்டாங்க.

சுகந்தி பயந்துட்டா. "எனக்கு வராது டீச்சர், அக்காகிட்ட..."ன்னு இழுத்தா. "நீயே எடு கண்ணு"ன்னு கைய நீட்டுனாங்க. அவ பொட்டுல கட்டை விரல வெச்சா. "கட்டை விரல் வேண்டாம். திருப்பிப் புடி. பொட்டு ஆள்காட்டி விரலுக்கு வரட்டும். இப்பக் குத்து."

குத்துனா. ரத்தம் குழாயில சரசரன்னு ஏறிச்சு.

அவ்வளவுதாங்க. அந்தப் புள்ளை அழுதுட்டே சிரிச்சா. டீச்சர் போய்ச் சொல்லி, ஒரு வாரத்துல நிரஞ்சன் எட்டு ஆஸ்பத்திரிக்கும் புதுத் தாள் அனுப்ப ஆரம்பிச்சுட்டான். பொட்டு ஆள்காட்டி விரல்ல வரோணும்னு கொட்டை எழுத்துல. உங்க கையப் பாத்தா, அங்க அந்தத் தாள இன்னும் யாரும் படிக்கலியாட்ட இருக்குது. அடியில என்ன போட்டிருக்கான் தெரியுமா? திருத்தம் சொன்ன கமலவேணி அம்மாளுக்கு நன்றின்னு. பாத்தீங்களா? பொட்டு அவங்கம்மாளுது, திருத்தம் டீச்சரோடது. ரெண்டு தடவ, அம்மிணி.

அது கூடப் பரவாயில்லீங்க. அவன் எனக்குப் போன் பண்ணுனான். நான் தயாரா இருந்தேன். திட்டட்டும், கத்தட்டும், ஏண்டி இப்படிப் பண்ணுனேன்னு கேக்கட்டும், கேட்டா அந்தக் கண்ணாடிக்குடா, அந்த அஞ்சாவது வரிசைக்குடான்னு ஏழு மாசமா மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன். அவன் என்ன சொல்றான்? "அக்கா, மன்னிச்சுக்கங்க. நீங்க எடது கைன்னு நான் கவனிக்கவே இல்ல. பாவம், உங்களுக்கும் தெரியாமப் போச்சு"ங்கறான். உங்களுக்கும் தெரியாமப் போச்சாம்! எனக்கு முன்னாடியே தெரியும்னு டீச்சர் அவன்கிட்ட சொல்லவே இல்ல. நானே சொல்லலாம்னா, சொன்னா வேலை போகும். அவனுக்கு நான் இன்னும் ஒண்ணுந் தெரியாத ரங்கநாயகி அக்கா. பழி வாங்கப்பட்டோம்னே அவனுக்குத் தெரியாதுங்க. அப்புறம் அது என்ன பழி?

வர்றேனுங்க, பல்லடம் வந்துருச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டு எறங்கறேன். நீங்க படிச்சவங்களாட்டம் தெரியுது, நாயம் சொல்லுங்க. டீச்சர் இப்பவும் மாசம் ரெண்டு தடவ வர்றாங்க. "நல்லாருக்கியா ரங்கநாயகி"ன்னு கேக்கறாங்க, சிரிக்கறாங்க, எல்லாம் சரி. ஆனா என்ற சேர் முன்னாடி ஆளே இல்லாட்டியும் சுகந்தி வரிசையில போய் நாலாவது ஆளா நிக்கறாங்க. நாலு வருசம் ஒத்தைக் குத்துல எடுத்தவ நான். அந்தம்மாளுக்கு நான் என்னங்க பண்ணுனேன்?